இரண்டு தொடுவானங்கள்

வானமும் நிலமும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதுபோல் தோன்றும் கோட்டைத் தமிழ் ‘தொடுவானம்’ என்கிறது. உண்மையில் அங்கே எதுவும் எதையும் தொடுவதில்லை. அணுக அணுக விலகிச் செல்லும் அக்கோடு நமக்கு ஓர் அழகிய தோற்றம், அவ்வளவே. விமானிக்கோ அது உயிரோடு தொடர்புடையது. தம் வானூர்தியின் மூக்கு மேல்நோக்கியிருக்கிறதா கீழ்நோக்கியிருக்கிறதா, இறக்கைகள் சமமாக உள்ளனவா ஒருபுறம் சாய்ந்துள்ளனவா என்பதை அவர் அக்கோட்டைக் கொண்டே அறிகிறார்.

அதற்குக் கண் எதற்கு, உடலே உணர்த்திவிடாதா என்று நினைக்கத் தோன்றும். உணர்த்தாது. நம் உட்செவியில் நீர்மம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை திரும்புவதை அறிவிப்பவை அவையே. ஆனால், மிக மெதுவாகத் தொடங்கும் திருப்பத்தை அவை உணர்வதில்லை. நெடுநேரம் நீடிக்கும் திருப்பத்தை மறந்துவிடுகின்றன. வேகம் கூடினால், மூக்கு மேலே தூக்கியதாக உடல் எண்ணிக்கொள்கிறது. தரையில் நடக்கும் உயிருக்கென அமைந்த கருவி வானத்தில் பொய் சொல்கிறது. ஆகவே பகலில் கண்ணுக்குத் தெரியும் கோட்டையும், இரவிலும் முகிலுக்குள்ளும் அக்கோட்டின் படிமத்தைக் காட்டும் கருவியையும் நம்ப விமானிகள் பழக்கப்படுத்தப்படுகிறார்கள். ‘உன் உடலை நம்பாதே, கருவியை நம்பு’ என்பது அவர்களுடைய முதல் பாடங்களுள் ஒன்று. மேற்பாதி நீலமாகவும் கீழ்ப்பாதி பழுப்பாகவும் உள்ள அக்கருவிக்குச் செயற்கைத் தொடுவானம் என்று பெயர். நீலம் வானம், பழுப்பு மண். நடுவே ஒரு கோடு.

அந்தக் கருவியே பொய் சொன்னால் என்னவாகும்?

தமிழாசிரியனாகிய எனக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் மேல்நிலை வகுப்பில் பயின்று, பின்னர் வானூர்திப் பராமரிப்புத் துறைக்குச் சென்ற மாணவர் ஒருவர், ‘ஐயா, இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது’ என்ற ஒரு வரியோடு சுவீடன் நாட்டு விபத்து விசாரணை ஆணையத்தின் அறிக்கையொன்றை அனுப்பிவைத்தார். பொறியியல் பகுதிகள் எனக்கு எளிதில் விளங்கவில்லை. அகராதியும் அவருடைய தொலைபேசி விளக்கமுமாக மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை படித்தபோதுதான் அவர் சொன்ன ‘வேலை’ எதுவென்று தெரிந்தது.

அஞ்சல் சுமந்த ஊர்தி

2016 ஜனவரி 7 இரவு. நார்வே நாட்டின் தலைநகரான ஆஸ்லோவிலிருந்து, அந்நாட்டின் வடகோடியிலுள்ள டிரோம்சோ நகருக்கு ஒரு சிறு சரக்கு வானூர்தி புறப்பட்டது. வெஸ்ட் ஏர் சுவீடன் நிறுவனத்தின் 294ஆம் எண் பயணம் அது. ஐம்பது பயணிகள் அமரக்கூடிய அளவில் 1993இல் கட்டப்பட்டுப் பின்னாளில் இருக்கைகள் அகற்றப்பட்டுச் சரக்கு ஏற்றுவதற்காக மாற்றப்பட்ட இரட்டைச் சுழலிப்பொறி ஊர்தி. உள்ளே இருந்தவர்கள் இருவர் மட்டுமே: தலைமை விமானி, துணை விமானி. ஒருவர் ஸ்பெயின் நாட்டவர். மற்றவர் பிரான்சு நாட்டவர். அவர்களுக்குப் பின்னால் ஏறத்தாழ 4.5 டன் எடையுள்ள அஞ்சல் பொருள்கள்.

இத்தகைய விபத்துகள் செய்தித்தாளில் சில வரிகளோடு முடிந்துவிடும். ‘உயிரிழப்பு இரண்டு’ என்பது நம் காலத்தில் பெரிய எண்ணாகக் கருதப்படுவதில்லை. ஆனால், அஞ்சல் என்ற சொல் என்னை நிறுத்தியது. என் தந்தையார் தொடர்வண்டி அஞ்சல் பிரிவில் பணியாற்றியவர். ஊர் உறங்கும் நேரத்தில் ஓடும் வண்டிக்குள் நின்றபடி, சிறு சிறு அறைகள் கொண்ட மர அடுக்கில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடுவது அவருடைய வேலை. விடிந்த பின் வீடு திரும்பிக் கண் எரிச்சலோடு படுத்துக்கொள்வார். காலையில் கடிதத்தைக் கையில் வாங்குகிறவர், அது இரவெல்லாம் யாருடைய விழிப்பில் வந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை என்பது அவருக்கு இருந்த ஒரே மனக்குறை. அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

வானூர்தி ஏற்றிய முதற் சரக்குகளுள் ஒன்று அஞ்சல் என்பது நினைவுகூரத் தக்கது. 1911 பிப்ரவரி 18இல் அலகாபாத்திலிருந்து யமுனையைக் கடந்து நைனிக்கு ஏறத்தாழ 6,500 கடிதங்களைக் கொண்டுசென்ற ஆன்றி பெக்கேயின் பயணம், உலகின் முதல் அதிகாரப்பூர்வ வானஞ்சல் என்று குறிக்கப்படுகிறது. 1932 அக்டோபர் 15இல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொண்டுவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுசேர்த்தவர் நெவில் வின்சென்ட். இன்றும் அஞ்சல் வானூர்திகள் பெரும்பாலும் இரவில்தான் பறக்கின்றன. கடிதம் காலையில் போய்ச் சேர வேண்டும் அல்லவா?

ஆஸ்லோவுக்கும் டிரோம்சோவுக்கும் இடையிலான வான்வழி, சுவீடனின் மலைப்பகுதிக்கு மேலாகச் செல்கிறது. அது ஆர்க்டிக் வட்டத்திற்கு வடக்கே, சாலைகள் எட்டாத பனிவெளி. அன்று நிலவு இல்லை. காற்று அமைதியாக இருந்தது. 33,000 அடி உயரத்தில் வானூர்தி ஒரே சீராகச் சென்றுகொண்டிருந்தது. தரையிறங்கும் முறையைப் பற்றி விமானிகள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதுவரை குறிப்பிடத்தக்கதாக எதுவும் நிகழவில்லை.

எண்பது நொடிகள்

நள்ளிரவு கடந்து இருபது மணித்துளிகள்கூட முழுமையாக ஆகவில்லை. தலைமை விமானியின் முன்னிருந்த திரையில் வானூர்தியின் மூக்கு மேல்நோக்கி எழத் தொடங்கியது. திரையில் மட்டுமே எழுந்தது. வானூர்தி அசையவே இல்லை.

அந்த ஊர்தியில் ஒவ்வொரு விமானிக்கும் தனித்தனித் திரை உண்டு. ஊர்தி எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கணித்துச் சொல்லும் உணர்கருவிகளும் இரண்டு. இடப்பக்கத் திரைக்கு ஒன்று, வலப்பக்கத் திரைக்கு மற்றொன்று. இவை போதாவென்று இரு விமானிகளுக்கும் நடுவே, இவற்றைச் சாராத ஒரு சிறு தொடுவானக் கருவி உதவிக்கென வைக்கப்பட்டுள்ளது. ஒன்று பழுதானால் மற்றது இருக்கிறது. அதற்கும் மேல் மூன்றாவது இருக்கிறது. பொறியாளர்கள் இவ்வளவு முன்யோசனையோடுதான் அமைத்திருந்தார்கள். பழுதானது இடப்பக்க உணர்கருவி. வலப்பக்கம் கடைசி வரையில் சரியாகவே இருந்தது.

தலைமை விமானியின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். வெளியே இருள், விண்மீனும் பனியும் பிரித்தறிய முடியாத இருள். கண்ணெதிரே திரை முழுதும் நீலமாகிக்கொண்டிருக்கிறது. மூக்கு இவ்வாறு தூக்கினால் வேகம் குறைந்து, இறக்கைகள் தாங்கும் திறனை இழந்து, ஊர்தி கல்லைப்போல் விழும் என்று அவருக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. திரையில் பெரிய சிவப்பு அம்புக்குறிகள் தோன்றி, ‘கீழே அழுத்து’ என்று வழிகாட்டுகின்றன. தானியங்கி ஓட்டுமுறை விலகிவிட்டது என்று ஒலி எழுகிறது. வியப்பொலி ஒன்று அவர் வாயிலிருந்து வருகிறது. அவர் கைப்பிடியை முன்னோக்கித் தள்ளுகிறார். கற்றதைச் செய்கிறார். கருவியை நம்புகிறார்.

சீராகப் பறந்துகொண்டிருந்த வானூர்தி இப்போது உண்மையாகவே தலைகீழாகப் பாயத் தொடங்குகிறது. ஆனால், அவர் திரையோ மூக்கு மேலேயே இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. மேலும் தள்ளுகிறார். திடீரென அழுத்தியதால் உடல்கள் இருக்கையிலிருந்து மேலெழுகின்றன, எடை அற்றுப்போகிறது. அந்நிலையில் மனிதருக்குத் தெளிவாகச் சிந்திக்க இயலாது என்பதை அறிக்கை தனியாகவே குறிப்பிடுகிறது. 17 நொடிகளில் ஊர்தி தனக்கு விதிக்கப்பட்ட வேக எல்லையைக் கடந்துவிடுகிறது. எச்சரிக்கை ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுகின்றன. துணை விமானி வானொலியில் அபாய அழைப்பு விடுக்கிறார். உயரம் இழக்கத் தொடங்கியதிலிருந்து 80 நொடிகளில், அக்காயவுரே என்னும் ஏரியை அடுத்த மலைப்பகுதியில் வானூர்தி மோதியது. நார்வே வான்படையின் ஊர்தி ஒன்று, விடிவதற்கு முன்பே, பனியில் ஏற்பட்டிருந்த கரிய பள்ளத்தைக் கண்டறிந்தது. இருவரும் உயிர்பிழைக்கவில்லை.

அந்த 80 நொடிகளில் விமானி அறையில் மௌனம் நிலவவில்லை என்பதுதான் என்னை மிகவும் வாட்டியது. அவர்கள் பேசினார்கள். திரும்பச் சொன்னார்கள், மேலேற வேண்டும் என்றார்கள், ஒருவர் உதவி கேட்டார், மற்றவர் முயன்றுகொண்டிருப்பதாகச் சொன்னார். என் திரையில் இன்னது தெரிகிறது, உன் திரையில் என்ன தெரிகிறது என்ற ஒரு வினாவும் அதற்கான விடையும் மட்டும் அச்சொற்களுள் இல்லை. தொடக்கத்திலேயே விமானிகள் இருவரும் தொடர்பாடலில் ஒருவரிடமிருந்து ஒருவர் தனிமைப்பட்டுப்போயினர் என்று அறிக்கை கூறுகிறது. தோளோடு தோள் உரசும் தொலைவில் அமர்ந்திருந்த இருவரைப் பற்றிய கூற்று இது. அறிக்கைகளின் மொழி உணர்ச்சியற்றது என்பார்கள். இந்தக் கூற்றைவிடத் துயரமான ஒன்றை நான் அண்மையில் படித்ததில்லை.

இருவரும் தத்தம் தாய்மொழியில் பேசவில்லை என்பதனால் இவ்வாறு ஆயிற்றோ என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால், ஆணையம் கண்ட காரணங்களின் வரிசையில் மொழியறிவுக் குறை இடம்பெறவில்லை. அவர்களிடம் மொழி இருந்தது. அந்த நேரத்திற்குரிய சொல்தான் இல்லை.

பிரதிபேதம்

இரண்டு திரைகளும் முரண்படும்போது அதை அறிவிக்க அந்த ஊர்தியில் ஏற்பாடு இல்லாமலில்லை. முரண்பாடு தோன்றினால் இரு திரைகளிலும் சிறிய மஞ்சள் எழுத்துகள் தோன்றும். ‘உங்கள் இருவருடைய படங்களும் ஒத்துவரவில்லை’ என்பது அவ்வெழுத்துகளின் பொருள். ஆனால், ஊர்தி இயல்புக்கு மாறான நிலையில் இருப்பதாகத் திரை கருதினால், விமானியின் கவனம் சிதறக்கூடாது என்பதற்காகத் தேவையற்றவை எனப்படுபவற்றை அது தானே நீக்கிவிடும். தொடுவானமும் அம்புக்குறிகளும் மட்டும் எஞ்சும். அவ்வாறு நீக்கப்பட்டவற்றுள் அந்த மஞ்சள் எழுத்துகளும் அடங்கும். எது மிகவும் வேண்டியிருந்ததோ அதுவே இடையூறு என்று அகற்றப்பட்டது.

இதனினும் கொடியது இன்னொன்று. விமானிகள் பயிற்சி பெறுவதற்குச் சிமுலேட்டர் எனப்படும் பாவனை அறைகள் உண்டு. இவ்விருவரும் பயின்ற பாவனை அறையில், இதே சூழ்நிலையில் அவ்வெழுத்துகள் நீங்காமல் திரையிலேயே நின்றன. பயிற்சியில் இருந்த ஒன்று வாழ்வில் இல்லை. ஆசிரியப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்த ஒருவர் இந்த வரியைப் படித்துவிட்டு உடனே அடுத்த வரிக்குப் போய்விட முடியாது. நாம் கற்பிக்கும் பாடத்திலும் வெளியே இல்லாத மஞ்சள் எழுத்துகள் எத்தனை இருக்கின்றனவோ!

மாணவர் சொன்ன ‘வேலை’ எனக்கு இந்த இடத்தில்தான் தென்பட்டது. இரண்டு சான்றுகள் வேறுபடும்போது என்ன செய்வது என்பது தமிழ்ப் புலமைக்குப் புதிய சிக்கலன்று. ஓலைச்சுவடிகளிலிருந்து நூல்களைப் பதிப்பித்தவர்கள் நாள்தோறும் இதைச் சந்தித்தார்கள். ஒரே பாடலின் ஒரே அடி ஒரு சுவடியில் ஒருவிதமாகவும் மற்றொரு சுவடியில் வேறுவிதமாகவும் இருக்கும். எழுதியவர் கைப்பிழையோ, செல்லரித்த குறையோ, புள்ளியில்லா எழுத்தின் மயக்கமோ. கையிலிருக்கும் ஏட்டையே மெய்யென்று கொண்டால் வேலை விரைவாக முடியும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் அவ்வாறு செய்யவில்லை. ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கினார். தாம் ஏற்ற பாடத்தை மேலே வைத்து, ஏற்காத பாடத்தையும் அடிக்குறிப்பில் வைத்தார். அவருடைய பதிப்புகளின் பக்க அடியில் ‘(பி-ம்.)’ என்ற குறியைக் காணலாம். பிரதிபேதம் என்பதன் சுருக்கம் அது. ‘இங்கே சுவடிகள் ஒத்துவரவில்லை’ என்று படிப்பவருக்குச் சொல்லும் இரண்டெழுத்து அறிவிப்பு. அந்த மஞ்சள் எழுத்துகளின் மூத்த உறவு என்று சொல்லத் தோன்றுகிறது.

ஒப்புமையை எல்லை கடந்து இழுக்கக்கூடாது. பதிப்பாசிரியருக்கு ஆண்டுகள் இருந்தன. விமானிகளுக்கு இருந்தவை 80 நொடிகள். அவற்றிலும் பயன்படத்தக்கவை முதல் சில நொடிகளே. ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்று நம் பெரியோர் சொன்ன பழமொழி நல்லது. ஆனால், தீர விசாரிக்க நேரமில்லாத இடத்தில் அது என்ன சொல்லும்? அங்கே விசாரணையை முன்பே செய்து முடித்து, அதன் சாரத்தை ஒரே சொல்லாகச் சுருக்கி வைத்திருக்க வேண்டும்.

சொல்லாமை

இந்த விபத்துக்கு முன்பே ஏறத்தாழ இதே போன்ற ஒன்று நிகழ்ந்திருக்கிறது. 1999 டிசம்பர் 22 மாலை, இங்கிலாந்தின் ஸ்டான்ஸ்டெட் நிலையத்திலிருந்து கொரிய நிறுவனமொன்றின் போயிங் 747 சரக்கு வானூர்தி இத்தாலியின் மிலான் நகருக்குப் புறப்பட்டது. அது பெரிய ஊர்தி. ஆனால், பழுது அதே பழுதுதான்: தலைமை விமானியின் தொடுவானக் கருவி பக்கவாட்டுச் சாய்வைக் காட்டவில்லை. முந்தைய பயணத்திலேயே குறை கண்டறியப்பட்டிருந்தும் உரிய இடத்தில் சரிசெய்யப்படவில்லை. இருள் கவிந்திருந்தது. ஊர்தியை இடப்பக்கம் திருப்பத் தொடங்கிய தலைமை விமானி, கருவி அசையாததால் மேலும் மேலும் திருப்பினார். முரண்பாட்டு எச்சரிக்கை ஒலித்தது. பொறியாளர் சாய்வைச் சுட்டிக் குரல் கொடுத்தார். சரியான கருவியைத் தம் முன்னால் வைத்திருந்த துணை விமானி மட்டும் எதுவும் சொல்லவில்லை. புறப்பட்ட 55 நொடிகளில் ஊர்தி தரையில் மோதியது. நால்வர் மாண்டனர்.

அகவையிலும் பட்டறிவிலும் மிக மூத்தவரிடம் இளையவர் பேசத் தயங்கினார் என்பதே இவ்விபத்துக்கு உலகெங்கும் சொல்லப்படும் விளக்கம். வெளிநாட்டிலிருந்து பெற்ற பயிற்சிமுறையைக் கொரியப் பண்பாட்டுக்கு ஏற்றவாறு அமைத்துக்கொள்ள வேண்டும் என்று பிரித்தானிய விசாரணையாளர்களும் பரிந்துரைத்தார்கள். மூத்தோரைப் பன்மையில் விளித்து, அவர் முன் குரல் தாழ்த்தும் மரபில் வளர்ந்த நமக்கு அத்தயக்கம் எளிதில் விளங்கும். ‘ஐயா, நீங்கள் சொல்வது தவறு’ என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு நா எழும்? ‘தங்களுக்குத் தெரியாததா’ என்று தொடங்கி, இரண்டு வாக்கியம் சுற்றிவந்து, மூன்றாவது வாக்கியத்தில்தான் செய்தியைத் தொடுவோம். 55 நொடிகள் அதற்குப் போதா.

எனினும் எல்லாவற்றையும் பண்பாட்டின் தலையில் கட்டிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சுவீடன் விபத்தில் அத்தகைய தயக்கம் இருந்ததாக அறிக்கை கூறவில்லை. அங்கே துணை விமானி வாய் திறந்தார். பேசியும் பயனில்லாமல் போயிற்று. ஒன்றில் சொல் வெளிவரவில்லை. மற்றொன்றில் வெளிவந்த சொற்கள் பொருந்தவில்லை. பணிவு இருந்த இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒரே முடிவு நேர்ந்திருக்கிறது என்றால், துணிவைப் பற்றி மட்டும் அறிவுரை கூறிக்கொண்டிருப்பது போதாது.

வானூர்தித் துறை இதை அறியாததன்று. 1977 மார்ச் 27இல் டெனரீஃப் தீவில், மூடுபனியில், இரண்டு பெரிய வானூர்திகள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டன. 583 பேர் உயிரிழந்தனர். புறப்பாடு என்ற சொல்லை ஒரு தரப்பு ஒரு பொருளில் சொல்ல, மறுதரப்பு வேறு பொருளில் கேட்டது அதன் காரணங்களுள் ஒன்று. அதன் பின், புறப்பட இசைவு அளிக்கும்போதும் அதை நீக்கும்போதும் அன்றி, வேறெந்த இடத்திலும் அச்சொல்லை ஆளக்கூடாது என்று வரையறுக்கப்பட்டது. மற்ற இடங்களில் ‘கிளம்புதல்’ என்ற பொருள்படும் வேறொரு சொல்லையே பயன்படுத்த வேண்டும். ஒரு சொல்லை ஓரிடத்திற்கு மட்டும் உரியதாக்கிப் பூட்டிவைத்தார்கள். இலக்கணம் செய்யும் வேலையும் இதுதானே?

2016 டிசம்பரில் வெளிவந்த சுவீடன் அறிக்கை இதே திசையில் இன்னோர் அடி எடுத்து வைத்தது. வழக்கத்திற்கு மாறான நிலையிலும் ஆபத்து நிலையிலும் விமானிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கென நிலையான அழைப்புச் சொற்களை வணிக வானூர்தித் துறை முழுவதிலும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று பன்னாட்டு அமைப்புக்குப் பரிந்துரைத்தது. ஊர்தி எந்நிலையில் இருந்தாலும் முரண்பாட்டு எச்சரிக்கை திரையை விட்டு நீங்காதபடி விதிகளை மாற்றவேண்டும் என்று ஐரோப்பிய, அமெரிக்க, கனடிய ஒழுங்குமுறை அமைப்புகளைக் கேட்டுக்கொண்டது. குற்றவாளி யார் என்று அந்த அறிக்கை தேடவில்லை. பழுதை எதிர்கொள்வதற்கான முன்னேற்பாடுகள் போதாமல் இருந்தன என்பதே அதன் முடிவு.

மெய்ப்பு நோக்கும் மேசை

பாடநூல் குழுவில் மெய்ப்புத் திருத்தும்போது நாங்கள் ஒரு முறையைக் கையாளுகிறோம். ஒருவர் மூலப்படியை உரக்கப் படிப்பார். நிறுத்தக்குறிகளையும் சேர்த்தே படிப்பார். மற்றவர் அச்சுப்படியில் கண்ணோட்டுவார். வேறுபாடு கண்டதும் அவர் சொல்ல வேண்டிய சொல் ஒன்றே: ‘நிற்க.’ எது சரி என்பதை அவர் அப்போது சொல்ல வேண்டியதில்லை. அவர் வயதில் இளையவராக இருக்கலாம். படிப்பவர் பேராசிரியராக இருக்கலாம். ‘நிற்க’ என்று சொன்னால் நிற்க வேண்டும். அதன்பின் இருவரும் சேர்ந்து மூன்றாவது சான்று ஒன்றைப் பார்ப்போம். என் பட்டறிவில், கூச்ச இயல்புடைய ஆசிரியர்கள்கூட இந்தச் சொல்லைத் தயங்காமல் சொல்கிறார்கள். அது அவர்களுடைய சொல் அன்று, மேசையின் சொல்.

சென்ற ஆண்டு பதினோராம் வகுப்பில் இவ்விபத்தை எடுத்துரைத்து, ஒரு பயிற்சி கொடுத்தேன். அந்த வலப்பக்க இருக்கையில் நீங்கள் அமர்ந்திருக்கிறீர்கள், ஒரே ஒரு தமிழ்ச்சொல் சொல்லலாம், எது? ‘நிறுத்துங்கள்’ என்றான் ஒருவன். எதை நிறுத்துவது, வானூர்தியையா என்று வகுப்பு சிரித்தது. ‘தவறு’ என்றார்கள் பலர். யாருடைய தவறு என்று இடப்பக்க இருக்கையில் இருப்பவர் கேட்கத் தொடங்குவாரே என்றேன். நெடுநேரத்திற்குப் பின், எப்போதும் பேசாத ஒரு மாணவன், ‘வேறு’ என்றான். என் திரையில் வேறு.

அது நல்ல சொல் என்று எனக்குப் பட்டது. ‘தவறு’ என்று சொல்வதற்கு அறிவும் துணிவும் வேண்டும். எது சரியென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். ‘வேறு’ என்று சொல்வதற்குக் கண் மட்டும் போதும். அதில் யார்மீதும் குற்றச்சாட்டு இல்லை. இரண்டே எழுத்துகள், ஒரு நொடிகூட ஆகாது. நான் அதைக் கரும்பலகையில் எழுதினேன்.

முன் வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி ஏற்றுக்கொள்ளவில்லை. ‘வேறு என்று சொல்லிவிட்டால் போதுமா, ஐயா? இருவரில் யாருடையது சரி என்று அவர்களுக்குத் தெரியாதே. அதற்குள் அவர் இன்னும் அழுத்திவிடுவாரே’ என்றாள். பிறகு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். எழுந்து நின்று, ஒரு கையை இடப்பக்கமும் ஒரு கையை வலப்பக்கமும் காட்டிவிட்டு, இரண்டுக்கும் இடையே சுட்டினாள்.

‘நடுவில் பாருங்கள் என்று சொல்ல வேண்டும், ஐயா. அங்கே மூன்றாவது இருக்கிறதே.’